பக்கிக்கு எதை மாட்டுவது? டர்பன் உப்புக் காற்றில் ஓர் அலசல்

எங்கள் தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பக்கி என்று பெயர். சென்னையிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகனிடம் "பக்கி வாங்கியிருக்கேன்" என்றதும், யாரைத் திட்டுகிறேன் என்று திரும்பிப் பார்த்தான். வாங்கியது பழைய டொயோட்டா ஹைலக்ஸ், இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கேப். டர்பனுக்குத் தெற்கே புராஸ்பெக்டனில்தான் அதைத் தயாரிக்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்தத் தொழிற்சாலையே மூழ்கி, மாதக்கணக்கில் வேலை நின்றுபோனது. மழை அப்படி, கடல் காற்று வேறு. அதனால் வண்டிக்கு மாட்டக் கடையில் எதைக் காட்டினாலும், இதில் தண்ணீர் எங்கே தேங்கும் என்றுதான் முதலில் தடவிப் பார்ப்பேன். இந்தப் புத்தி காசு கொடுத்து வந்தது.

அந்தக் காசு போனது பின்தொட்டியின் உள்விரிப்பில். இதில் இரண்டு வகை. ஒன்று, அச்சில் வார்த்த கெட்டி பிளாஸ்டிக். அப்படியே உள்ளே இறக்கித் திருகாணி போட்டால் வேலை முடிந்தது. இன்னொன்று, பாலியூரிதேன் கலவையைத் தகட்டின் மேலேயே பீய்ச்சி அடிப்பது. ரப்பரைஸ் பண்ணுவது என்பார்கள். முதல் வண்டிக்கு நான் பிளாஸ்டிக்தான் போட்டேன். விலை குறைவு, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம், மண்வெட்டியை வீசினாலும் ஒன்றும் ஆகாது. நாலு வருஷம் கழித்துக் கழற்றினால் அடியில் ஒரு கடற்கரையே இருந்தது. ஓரத்தில் இறங்கிய தண்ணீரும் மணலும் அங்கேயே தங்கி, வண்டி குலுங்கும்போதெல்லாம் பெயிண்டைத் தேய்த்துத் தேய்த்து, தகடு அப்பளமாய்ப் பொரிந்திருந்தது.

பீய்ச்சி அடிப்பதில் அந்தச் சந்து கிடையாது. சாமானும் அவ்வளவாக வழுக்காது. ஆனால் இருக்கும் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. மேலே கறுப்பு, உள்ளே புற்று. அடிப்பதற்கு முன் நேரில் போய்த் தகட்டைப் பார்த்துவிடுங்கள், அப்புறம் பிய்ப்பது பெரும்பாடு. ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்குப் பிளாஸ்டிக்கே போதும் என்பேன். அங்கே காற்றில் உப்பு இல்லை.

அடுத்து மேல்மூடி. எங்கள் வீட்டில் சண்டை வந்தது இதில்தான். தொட்டி மேல் கூண்டு மாதிரி கவிழ்க்கும் கண்ணாடியிழை கேனப்பியா, தொட்டி வாயைச் சுருட்டி மூடும் அலுமினிய ரோலர் ஷட்டரா? கேனப்பி துருப்பிடிக்காது, வண்டி நிறத்திலேயே கிடைக்கும், காய்கறிப் பெட்டிகளைக் கூரை வரை அடுக்கலாம். ரோபோட்டில் (சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) நிற்கும்போது பின்னாலிருந்து எவனும் சட்டென்று கைவிட முடியாது. தம்பிக்கு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் காய்கறி வியாபாரம். அவனுக்கு வேறு யோசனையே தேவையில்லை. எனக்கு அப்படி இல்லை. தைப்பூசத்துக்கு வாழை மரம், கல்யாண வீட்டுக்கு அண்டா, அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் என்று உயரமான சாமான்களாகவே வந்து சேரும். கேனப்பியைத் தனி ஆளாகக் கழற்றவும் முடியாது. அதன் எடையும் வண்டி சுமக்கக்கூடிய ஒரு டன்னில்தான் கழியும்.

ஷட்டரை ஓர் இழுப்பில் திறந்து ஃபிரிட்ஜை நிற்க வைத்தே கொண்டுபோகலாம். ஆனால் அது சுருளும் பெட்டி தொட்டியின் முன்பக்கத்தில் ஒரு சாணுக்கு மேல் இடத்தை விழுங்கிவிடும். மூலையில் தண்ணீர் வடிய மெல்லிய குழாய்கள் உண்டு; இலையோ மணலோ அடைத்தால் மழை முழுக்க உள்ளே. மாதம் ஒருமுறை குழாயில் தண்ணீர் விட்டுப் பார்க்கிற பொறுமை இருந்தால் ஷட்டர் வாங்குங்கள். எனக்கு இருக்கிறது, அதனால் வாங்கினேன். ரெக்சின் மாதிரியான மடக்கு மூடிக்கு ஒரே பதில்: திருடனுக்குக் கத்தி ஒன்று போதும்.

முன்பக்கக் கம்பியில், மோதலைத் தாங்கும் பெரிய புல் பார் (bull bar) வேண்டுமென்று மகன் நின்றான். கரூ என்ற வறண்ட உள்நாட்டுப் பக்கம் ராத்திரியில் ஓட்டுகிறவர்களுக்கு அது நியாயம். குடு மான் திடீரென்று சாலையில் பாயும். சாட்ஸ்வொர்த்தில் என்ன பாயப்போகிறது? எடை முன் சஸ்பென்ஷனில் உட்காரும், ஏர்பேக்குக்குப் பொருந்தும் வகைதானா என்று வேறு பார்க்க வேண்டும், குறுக்கே வந்த ஆள் மேல் பட்டால் அடி பலம். நட்ஜ் பார் என்கிற சின்னக் குழாய்க் கம்பி போதும் என்றேன். அதிலும் பவுடர் கோட் அடித்த சாதா இரும்பு வேண்டாம். ஒரு கல் தெறித்து நிறம் பெயர்ந்தால் துரு அடியில் நடந்து போகும். ஸ்டெயின்லெஸ் என்றால் 304 ரகமா 316 ரகமா என்று கேளுங்கள். 316-இல் மாலிப்டினம் இருக்கிறது, உப்பைத் தாங்கும். 304 மேல் கடற்கரையில் டீ சிந்திய மாதிரிக் கறை படியும். கழுவிக்கொண்டே இருந்தால் ஓடிவிடும்.

பக்கப் படிக்கு ஸ்டெயின்லெஸ் உருளைக் குழாய் அழகுதான். மழையில் புடவையோடு ஆயா அதில் கால் வைத்து வழுக்கினதைப் பார்த்த பிறகு, பள்ளம் வெட்டிய தட்டை அலுமினியப் படிக்கு மாறினேன். அதிலும் இரும்புத் தாங்கி அலுமினியத்தை நேராகத் தொடும் இடத்தில் ரப்பர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம்தான் வெள்ளையாய்ப் பொடியாகும்.

கதவுக் கைப்பிடிக்கு ஒட்டும் குரோம் உறை வேண்டுமாம், மகனின் அடுத்த பட்டியலில் முதல் அயிட்டம். அதற்கடியிலும் தண்ணீர் தேங்கும். பின்கதவில் ஒரு வேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள் என்று விட்டுவிட்டேன்.