பாலக்கோடு பக்கம் விவசாய மானியம் அப்ளை பண்ணித் தர்ற சென்டர்: தாராளமா போலாம்

சொட்டுநீர் மானியத்துக்கு அலையுறவங்க பாலக்கோட்டுல இருக்க அந்த சின்ன கம்ப்யூட்டர் சென்டருக்கு போய் பாருங்க, நடத்துறவரு ரிட்டையர்டு மிலிட்டரிக்காரரு, அதனாலயோ என்னவோ சர்வீஸ் முடிச்சு ஊருக்கு வந்து மானாவாரி நிலத்த வச்சிட்டு முழிக்கிற என்னை மாதிரி ஆளுக்கு எங்க இடிக்கும்னு அவருக்கு நல்லா தெரியுது. சிறு குறு விவசாயி சர்டிபிகேட் இருந்தா 100 சதவீதம் மானியம், மத்தவங்களுக்கு 75, அந்த சிறு விவசாயி கணக்கும் 5 ஏக்கர் வரைக்கும் தான். எங்களுது கூட்டுப்பட்டா, அண்ணன் தம்பி பேரெல்லாம் ஒண்ணா கெடக்கு. எஃப்எம்பி ஸ்கெட்ச்ச, அதான் நிலத்தோட அளவு வரைபடத்த, மேசைல விரிச்சு பென்சில்ல நம்ம பங்க கோடு போட்டு காட்டி "சார், மொதல்ல உங்க பங்க தனியா பிரிக்க உட்பிரிவுக்கு மனு போடுங்க, அப்புறம் தான் இது நகரும்"னு நேரா சொல்லிட்டாரு. வேற ஒரு எடத்துல காசையும் வாங்கிட்டு அப்படியே அப்லோட் பண்ணி ரிஜெக்ட் ஆச்சு, அது தனி கத. சரிவு நிலம், மழைக்கு மண்ணு அடிச்சிட்டு போகுதுன்னேன், நிலத்துலயே மழைத்தண்ணிய தேக்குற பண்ணைக்குட்டைக்கு வேளாண் பொறியியல் துறை ஆபீஸ பாருங்கன்னாரு, விவசாயிங்களுக்கான அரசாங்க ஆப்பு உழவன் ஆப்பையும் போன்ல ஏத்தி விட்டாரு. எழுத்து தெரியாத பெரியவங்களுக்கு, தனியா வர்ற பொம்பளைங்களுக்கு ஃபார்ம முழுசா படிச்சு காட்டிட்டு தான் கைரேகையே வாங்குறாரு, இது எனக்கு ரொம்ப புடிச்சுது. ஜெராக்ஸ் ரேட் தான் ஜாஸ்தி, உக்கார ஒரே ஒரு பெஞ்சு. நாலு ஸ்டார்.