பிராட்ஸ்டேர்ஸா, சீஃபோர்டா?

லண்டனிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிட வேண்டும், கடலும் வெள்ளைச் சுண்ணப்பாறையும் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு சின்ன ஊர்கள் நினைவுக்கு வரும்: கென்ட்டில் பிராட்ஸ்டேர்ஸ், கிழக்கு சசெக்ஸில் சீஃபோர்டு. பாறைக்காகப் போகிறவர்கள் யோசிக்காமல் சீஃபோர்டுக்குப் போகலாம் என்பது என் கட்சி.

ஆனால் கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால் பிராட்ஸ்டேர்ஸ்தான். லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் நேராகப் போகிறது. வைக்கிங் பே அரைவட்டமாக வளைந்த மணல் கரை, காலை உறுத்தாது. மேலே, சார்லஸ் டிக்கன்ஸ் கோடைக்கு வந்து தங்கிய வீடு கடலைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது. 1932 முதல் இருக்கும் மொரெல்லிஸ் கடையில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் மதியம் போவதே தெரியாது.

சீஃபோர்டில் இந்தச் சொகுசு கிடையாது. லூயிஸில் ரயில் மாற வேண்டும். கரை முழுக்கக் கூழாங்கல். இறங்கிய இரண்டே எட்டில் ஆழம் வந்துவிடும், குழந்தைகளை விட பயமாக இருக்கும்.

சரி, பாறைக்கு வருவோம். வைக்கிங் பேயில் பாறையின் காலடியில் நடைபாதை போட்டுவிட்டார்கள். அலை பாறையைத் தொட வழியில்லை. ஊர் பத்திரமாக இருக்கிறது, பாறை மங்கிப்போகிறது. சீஃபோர்டை ஒட்டிய பாறை முனையான சீஃபோர்டு ஹெட்டில் அப்படி எந்தத் தடுப்பும் இல்லை. கடல் அடியை அரிக்க அரிக்க மேலே இருப்பது சரிகிறது, உள்ளிருந்து புது முகம் வெளியே வருகிறது. அந்த வெண்மைக்குக் காரணமே இந்தச் சரிவுதான். கீழே கிடக்கும் துண்டைக் கையில் எடுத்தால் சாக்பீஸ் போல விரலில் ஒட்டும். பாறை முகத்தில் கோடு போட்டது போலக் கறுப்பாகச் சக்கிமுக்கிக் கல் வரிசைகள். வசந்த காலத்தில் கிட்டிவேக் பறவைகள் அந்த இடுக்குகளில் கூடு கட்டி, பேச்சே கேட்காத அளவுக்குக் கத்தும்.

பிராட்ஸ்டேர்ஸுக்கும் பாட்டனி பே இருக்கிறதே என்பார்கள். நியாயம்தான், தனித்து நிற்கும் அந்தச் சுண்ணத் தூண்கள் அழகு. ஆனால் ஊரிலிருந்து வடக்கே நல்ல தூரம் நடக்க வேண்டும், கடல் உள்வாங்கும் நேரமும் பார்த்துப் போக வேண்டும்.

சீஃபோர்டு ஹெட்டைக் கடந்து இறங்கினால், கடலோரக் காவலர்களின் பழைய குடில்களும் அவற்றுக்குப் பின்னால் அலை அலையாக செவன் சிஸ்டர்ஸ் என்ற வெள்ளைப் பாறை வரிசையும் ஒரே பார்வையில் விரியும். தயவுசெய்து படத்துக்காக விளிம்புக்குப் போகாதீர்கள். காலடியில் புல் தெரியும், அதற்கு அடியில் பாறை இல்லாமலும் இருக்கலாம். பாறைக்கு நேர் கீழே உட்காருவதும் அதே அளவு ஆபத்து.

நடுவில் கக்மியர் ஆறு குறுக்கிடும். கடக்க முயல வேண்டாம். ஆற்றங்கரையோரமாக உள்ளே நடந்தால் எக்ஸீட் பாலம். அங்கே 12-ஆம் எண் பேருந்து பிடித்தால் சீஃபோர்டுக்கே திரும்பிவிடலாம்.