தட்டச்சர் வேலைக்கு ஆளெடுக்க எது சரி: சான்றிதழா, நேரடித் தேர்வா?

தமிழக அரசுப் பணிக்கு டிஎன்பிஎஸ்சி (தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பதவிக்கும் மற்றவர்களைப் போல அதே 200 கேள்விகள், 300 மதிப்பெண்தான். தட்டச்சுத் திறமைக்கு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தரும் தமிழ், ஆங்கிலச் சான்றிதழ்களே ஆதாரம். ஆக, என்றோ டைப்ரைட்டரில் தாளைச் சுருட்டி, படபடவென்று அடித்து வாங்கிய சான்றிதழை வைத்து, கம்ப்யூட்டர் மட்டுமே இருக்கிற அலுவலகத்துக்கு ஆள் எடுக்கிறோம்!

மத்திய அரசுப் பணிக்கு ஆளெடுக்கும் எஸ்எஸ்சி (பணியாளர் தேர்வாணையம்) வழி வேறு. எழுத்துத் தேர்வில் தேறியவர்களைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, 10 நிமிடம் அடிக்கச் சொல்கிறார்கள். எழுத்தர் பதவிக்கு ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொல், இந்தியில் 30. தேறினால் போதும், அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. இன்ஸ்டிடியூட்டில் மாதக்கணக்கில் பணம் கட்டமுடியாத பிள்ளைகூட யாருடைய கம்ப்யூட்டரிலாவது பழகிக்கொண்டு வந்துவிடலாம், அது பெரிய விஷயம். ஆனால் அந்த 10 நிமிடத்தில் கை நடுங்கினாலோ, பழக்கமில்லாத கீபோர்டு மாட்டினாலோ ஒரு வருடப் படிப்பு போச்சு. அப்புறம், தமிழில் அடிக்க அங்கே வழியே இல்லை.

எனக்கென்னவோ நேரடித் தேர்வுதான் சரி என்று படுகிறது. கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பதற்கான தமிழ் 99 விசைப்பலகையில், ஒருமுறை தவறினால் இன்னொரு வாய்ப்போடு, இதை டிஎன்பிஎஸ்சி நடத்தட்டும்.