வாத்தியார் வீடா, நம் வீடா, செல்போன் திரையா? மலையில் இசை கற்க எது தோது

மாலை ஐந்தரைக்கு வகுப்பு என்றால் ஊட்டிக்கு ஜூலையில் ஒரு கணக்கு, குன்னூருக்கு நவம்பரில் வேறு கணக்கு. கூடலூர், ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு வடகிழக்கு மழைதான் பெரிது. மழையோடு மூடுபனியும் வரும், மரம் விழுந்து கரண்டும் போகும், எஸ்டேட் பாதையில் காட்டெருமையும் நிற்கும். பாட்டோ வாத்தியமோ கற்க இங்கே இருக்கும் மூன்று வழிகளையும் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

வாத்தியார் வீட்டுக்குப் போவதில் பெரிய லாபம், காத்திருக்கும் நேரத்தில் காதில் விழும் பாட்டு. முந்தைய மாணவர் கீதம் பாடுவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கும் பிள்ளை, தன் முறை வரும்போது பாதியைப் பிடித்துவிட்டிருக்கும். வாத்தியமும் அங்கே சுருதி சேர்த்துத் தயாராக இருக்கும். நஷ்டம் பயணம். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அரை மணி வகுப்பே அதிகம்; அதற்காக ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய்வந்தால் மூன்றாவது மாதமே சலித்துவிடும். பள்ளி விட்டதும் நாலு மணிக்கு நேரே போய், இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிகிறவர்களுக்கு இந்த வழி. டவுனுக்குள் இருப்பவர்கள் இரண்டாவது யோசனையே செய்ய வேண்டாம்.

வாத்தியாரை வீட்டுக்கு வரவழைப்பது வீணை, பியானோ போல நகர்த்த முடியாத வாத்தியக்காரர்களுக்கும், படியேறி இறங்க முடியாத பெரியவர்களுக்கும் சரி. சாதகம், அதாவது பயிற்சி, செய்யும் இடத்தை அவர் நேரில் பார்ப்பதும் நல்லது. கட்டிலில் கீபோர்டை வைத்து, குனிந்து வாசிக்கும் பிள்ளையின் மணிக்கட்டு ஏன் வலிக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் நம் வீட்டில் டிவி, விருந்தாளி, குக்கர் விசில் எல்லாம் உண்டு. வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்பே கதவைச் சாத்திச் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டால் பாதித் தொல்லை தீரும். செலவைக் குறைக்க வழி, ஒரே லைனில் இருக்கும் மூன்று வீடுகள் சேர்ந்து ஒரே நாளை வாங்கிக்கொள்வது. ஆட்சியர் மழை விடுமுறை விடும் நாளில் வகுப்பு உண்டா, இல்லையென்றால் ஈடு வகுப்பு எப்போது என்பதை முதல் மாதச் சம்பளம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். சச்சரவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆன்லைனைப் பற்றிப் புகழ்ச்சியும் வசையும் அளவுக்கு மீறி இருக்கிறது. அதன் குறை சிக்னல் மட்டும் என்று நினைக்கிறார்கள். சிக்னல் நன்றாக இருந்தாலும் ஒலி போய்த் திரும்பி வர 0.2 வினாடி வரை ஆகலாம். தாளம் நிமிடத்துக்கு 60 என்றால் ஒரு தட்டு ஒரு வினாடி. மூன்றாம் காலம் என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு நாலு ஸ்வரம், அதாவது ஸ்வரத்துக்கு கால் வினாடி. தாமதம் ஏறத்தாழ ஒரு ஸ்வரத்தையே விழுங்கிவிடுகிறது. அதனால் இருவரும் சேர்ந்து பாடவே முடியாது. வாத்தியார் பாடி நிறுத்த, மாணவர் தன் பக்கத்தில் தாளம் போட்டுக்கொண்டு திருப்பிப் பாட வேண்டும். தம்புரா செயலியும் மாணவர் பக்கத்தில், வேறொரு போனில் ஓட வேண்டும்.

இன்னொரு சிக்கல் பலருக்கும் பிடிபடுவதில்லை. வீடியோ அழைப்புச் செயலிகள் இடைவிடாத ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். தம்புரா காணாமல் போகும். நீட்டிப் பிடித்த ஸட்ஜமம் பாதியில் தேயும். பிள்ளைக்கு மூச்சு போதவில்லை என்று வாத்தியார் நினைத்துக்கொள்வார். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பைப் போட்டால் இது சரியாகும். வயலினுக்குக் கேமராவைப் பக்கவாட்டில், வில்லும் இடது மணிக்கட்டும் தெரியும்படி வையுங்கள், கீபோர்டுக்கு மேலிருந்து. முகத்தை மட்டும் காட்டும் வாத்திய வகுப்பால் பயனில்லை.

எங்கள் முடிவு இது: முதல் ஆறு மாதம் நேரில்தான். சுமாரான வாத்தியாராக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவரே மேல். வில் பிடிக்கும் கட்டைவிரல், இறுகும் தாடை, தூக்கிய தோள் எல்லாம் திரையில் தெரியாமல் பழகிவிட்டால் திருத்த இரட்டிப்பு நாள் ஆகும். ஆரம்பப் பாடங்களை முடித்து, அடுத்த கட்டமான வர்ணமும் தாண்டியவர்களுக்கு நிலைமை தலைகீழ். சென்னையிலிருக்கும் நல்ல பாடாந்தரம், அதாவது குரு வழி வந்த பாடமுறை, திரைவழி கிடைத்தால் விட வேண்டாம்.

வாத்தியம் தேர்ந்தெடுப்பதில்தான் மலை தன் குணத்தைக் காட்டும்.

புல்லாங்குழலை எடுத்துக்கொள்ளுங்கள். குழலுக்குள் இருக்கும் காற்று ஒரு பாகை குளிர்ந்தால் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும்; ஒரு ஸ்வரஸ்தானத்தில் நூறில் ஒரு பங்குதான் சென்ட். ஜனவரிக் காலையில் சமவெளியைவிட 15 பாகை குறைவு என்றால், ஊதத் தொடங்கும்போது கிட்டத்தட்ட அரை ஸ்வரஸ்தானம் கீழே நிற்கும். சுருதிப் பெட்டியோ அசையாது. எட்டிப்பிடிக்கப் பிள்ளை பலமாக ஊதும், நாதம் கீச்சிடும். குழலைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கி, ஒலி எழுப்பாமல் ஐந்து நிமிடம் மூச்சைச் செலுத்திவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.

வயலினில் மழைக்காலத்தில் முறுக்காணி ஊதி இறுகும். பனிக்காலத்து வறட்சியில் சுருங்கி வழுக்கும். வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் பொடி போதும், இறுகினால் பலவந்தம் கூடாது. பிள்ளைக்கு அளவு பார்த்து வாங்குங்கள்: ஏழு வயது வாக்கில் கால் அல்லது அரை அளவு, ஒன்பது பத்தில் முக்கால், பன்னிரண்டில் முழு அளவு. ‘வளர்ந்து சரியாகிவிடும்’ என்று பெரியதாக வாங்கித்தருவது சட்டைக்குச் சரி, வயலினுக்குச் சரியில்லை.

வீணையில் தந்தியை அழுத்தும் இடங்களான 24 மெட்டுகளும் கரி கலந்த மெழுகின் மேல் நிற்பவை. குளிரில் மெழுகு இறுகி, அடிபட்டால் விரிசல் விடும். ஆபத்து இறக்கத்தில் அதிகம்: மே மாதம் மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரம் விட்டால் மெழுகு இளகி மெட்டுகள் நகரும். மெட்டுகளைத் திரும்பச் சுருதிக்கு உட்காரவைக்க, அதாவது மேளம் கட்ட, கைவினைஞரைத் தேடிப் போக வேண்டும்.

மிருதங்கத்துக்கு ஈரம்தான் முதல் எதிரி. தோல் தளர்ந்து, வலது பக்கமான வலந்தலையின் சுருதி இறங்கும். இடது பக்கமான தொப்பியில் ஒட்டிய ரவையைச் சாதகம் முடிந்ததும் சுத்தமாக வழித்தெடுக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கணப்பின் பக்கத்தில் வைத்துக் காயவைத்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வலந்தலை நடுவில் இருக்கும் கருப்புப் பூச்சான சாதம் வெடிக்கும். மலையில் ஆரம்பப் பயிற்சிக்கு ஃபைபர் தலை போட்ட மிருதங்கத்தை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. நாதம் குறைவு, ஆனால் எல்லா நாளும் வாசிக்கலாம்.

கிட்டார் ஈரத்தில் மேல்பலகை உப்பும், தந்தி உயரும், பிள்ளையின் விரல் நோகும். பிள்ளைக்குச் சோம்பல் என்று வீட்டில் திட்டு விழும்! உறைக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, மாதம் ஒருமுறை சூடான வாணலியில் உலர்த்தித் திரும்பப் போட்டால் போதும். புதியவர்களுக்கு நைலான் தந்தி. பழைய பங்களாக்களில் நிற்கும் நெட்டுப் பியானோ மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள்: ஏறத்தாழ 230 தந்திகள், சுருதி கூட்டுபவர் சமவெளியிலிருந்து வர வேண்டும், ஜூலையில் கட்டை ஒட்டிக்கொள்ளும். உள்ளே 40 வாட் பல்பு எரியவிடுவது பழைய வழக்கம், பலனும் உண்டு. பராமரிப்பில் கீபோர்டை மிஞ்ச எதுவுமில்லை. விரலின் அழுத்தம் உணரும் 61 கட்டை வாங்கினால் ஆரம்பத்துக்குப் போதும். கர்நாடக சங்கீதத்துக்கு மட்டும் வேண்டாம், ஸ்வரத்தை அசைக்கும் கமகம் கட்டையில் வராது.

குரலுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. குளிர்காலக் காலையில் எடுத்த எடுப்பில் மேல்ஸ்தாயி போகாமல், பத்து நிமிடம் கீழ்ஸ்தாயியான மந்தரத்தில் ‘ம்’ என்று முனகிச் சூடேற்றினால் போதும். கூட்டு வகுப்பில் மட்டும் கவனம் தேவை. பிள்ளைகளுக்குச் சுருதி 5 முதல் 6 கட்டை, ஆண்களுக்கு 1 கட்டையை ஒட்டி. ஓய்வுபெற்ற தாத்தாவையும் பேத்தியையும் ஒரே சுருதியில் பாடவைத்தால் இருவரில் ஒருவர் தொண்டை கெடும். குரல் உடையும் வயதுப் பையனுக்கு வகுப்பை நிறுத்த வேண்டாம், சுருதியை இறக்குங்கள்.

பாடத்திட்டத்தில் கர்நாடக வரிசைகளா, மேற்கத்திய கிரேடு தேர்வா என்ற கேள்வி, உறைவிடப் பள்ளிகளின் மேற்கத்திய இசை மரபு இருக்கும் இந்த ஊர்களில் அடிக்கடி வரும். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி, ஜண்டை, தாட்டு, ஏழு அலங்காரம் என்று போகும் வழி காதை வளர்க்கும், சான்றிதழ் தராது. லண்டன் இசைத் தேர்வு அமைப்புகளான டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டிலும் 8 கிரேடு. ஏபிஆர்எஸ்எம்மில் 6-ஆம் கிரேடுக்குமுன் 5-ஆம் கிரேடு தியரியோ அதற்கு இணையான தேர்வோ தேவை, டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. எதுவானாலும் தேர்வுப் பாட்டுகளை மட்டும் வருடம் முழுக்க ஒப்பிக்கவைக்கும் வகுப்பைத் தவிருங்கள்.

சேருமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள், கையில் கடிகாரத்தோடு. அரை மணியில் பிள்ளையின் குரலோ வாத்தியமோ பதினைந்து நிமிடமாவது கேட்கவில்லை என்றால் வேறு வாத்தியாரைப் பாருங்கள், பஸ் இரண்டு மாற வேண்டியிருந்தாலும்.