கேப்ஸ்யூல் படத்தை ‘இலவசமாக மதிப்பிட்டுத் தருகிறோம்’ என்று வரும் மடல்கள்: ஓர் எச்சரிக்கை

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் தங்கள் முதல் கேமை வெளியிடத் தயாராகும் சிறு குழுக்களைக் குறிவைத்து, “உங்கள் கடைப் பக்கத்தைப் பார்த்தோம், கேப்ஸ்யூல் படத்தை இலவசமாக மதிப்பிட்டு அறிக்கை தருகிறோம்” என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் இப்போது பரவலாக வருகின்றன. கேப்ஸ்யூல் என்பது கடையின் பட்டியல்களில் கேமுக்கு அட்டைபோலத் தெரியும் படம். அப்படி வந்த ஒரு மடலில் தொடங்கி, அட்டைப்படத்துக்காக ஒதுக்கி வைத்திருந்த தொகையின் பெரும்பகுதியை நானும் என் கூட்டாளியும் இழந்திருக்கிறோம். புகார் நிலுவையில் இருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுடையது பக்கவாட்டில் நகரும், சிறு சதுரப் புள்ளிகளால் வரைந்த பிக்சல் ஆர்ட் ஆக்‌ஷன் கேம். நாயகியின் ஒரே ஆயுதம் சுருள்வாள். சண்டை முழுவதும் அந்த வாளின் வீச்சையும் அது சுருண்டு திரும்பும் நேரத்தையும் வைத்தே அமைந்திருக்கிறது. ‘விரைவில் வருகிறது’ பக்கத்தைத் திறந்து, விஷ்லிஸ்ட் (பின்னர் வாங்க விரும்பிக் குறித்து வைப்பவர்களின்) எண்ணிக்கை மெதுவாக ஏறிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்த மடல் வந்தது. இலவச அறிக்கை உண்மையிலேயே இலவசமாகவே கிடைத்தது. பார்ப்பதற்கு மிக நேர்த்தியாக இருந்த அந்த அறிக்கை, எங்கள் படத்தின் மேல் கண் எங்கே போகிறது என்று காட்டும் வண்ண வரைபடம், பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்கள், ‘படத்தை மாற்றினால் கிளிக் வீதம் உயரும்’ என்ற கணிப்பு எல்லாவற்றோடும் வந்தது. ஆனால் மூன்றாம் பக்கத்தில், “நாயகியின் கையில் உள்ள வில் தெளிவாக எடுபடுகிறது” என்று ஒரு வரி இருந்தது. எங்கள் கேமில் வில்லே கிடையாது. கேட்டபோது ‘தட்டச்சுப் பிழை’ என்றார்கள்.

அதே அறிக்கை ஓரிடத்தில், பிக்சல் கேமுக்குப் பிக்சல் அட்டையே போட வேண்டும், இல்லையென்றால் வாங்குபவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார் என்றது. இன்னோரிடத்தில், பிக்சல் அட்டை மலிவாகத் தெரியும், ஓவியமாக வரையுங்கள் என்றது. இந்த விவாதத்துக்கு ஒரே விடை கிடையாது. 2018இல் முழு வெளியீடு கண்ட ‘டெட் செல்ஸ்’ பிக்சல் கேம்தான். அதன் கடைப் படம் தூரிகை ஓவியம். உள்ளே வரும் ஸ்கிரீன்ஷாட்களும் டிரெய்லரும் கேமின் உண்மையான தோற்றத்தைக் காட்டிவிடுவதால் அங்கே யாரும் ஏமாறுவதில்லை. எது சரி என்பதை அந்தக் கேமை விளையாடிப் பார்த்த ஒருவர்தான் சொல்ல முடியும்; இந்த அறிக்கையை எழுதியவர் எங்கள் டெமோவைத் திறந்ததற்கான அடையாளம் எங்குமே இல்லை.

வண்ண வரைபடத்தைச் சோதிக்க என் கூட்டாளி பின்னர் ஒரு வேலை செய்தார். வெறும் சாம்பல் நிறம் மட்டும் பூசிய ஒரு படத்தை, ‘மாற்று வடிவம்’ என்று பெயரிட்டு அவர்களுக்கு அனுப்பினார். திரும்பி வந்த வரைபடத்திலும் நடுவில், கண் அதிகம் போகும் இடம் என்று காட்டும் அதே சிவப்புத் திட்டு. கீழே, ‘தலைப்பு நன்றாகக் கவனத்தை ஈர்க்கிறது’ என்ற குறிப்பு. படத்தில் தலைப்பே இல்லை. இதை நாங்கள் செய்தபோது, புதிய படத்தைக் ‘கையால் வரைந்து’ தருவதற்காக அவர்கள் கேட்ட முன்பணம் கைமாறிவிட்டிருந்தது என்பதால், மற்றவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்து பார்க்கலாம் என்று சொல்லி வைக்கிறேன்.

‘ஸ்டீமிலேயே இரண்டு படங்களையும் ஒப்பிட்டுச் சோதித்தோம்’ என்று தங்கள் பழைய வாடிக்கையாளர்களைப் பற்றி யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கூகுள் பிளேயில் கடைப் பக்கத்தின் இரு வடிவங்களைப் பார்வையாளர்களிடையே பிரித்துக் காட்டிச் சோதிக்கும் வசதி உண்டு. ஸ்டீமில் அப்படி ஒன்று கிடையாது. கேமை வெளியிடுபவர்களுக்கான ஸ்டீமின் தளமான ஸ்டீம்வொர்க்ஸில் கிடைப்பது, எந்தப் பகுதியில் உங்கள் படம் எத்தனை முறை காட்டப்பட்டது, அதிலிருந்து எத்தனை பேர் பக்கத்துக்கு வந்தார்கள் என்ற கணக்குதான். படத்தை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அந்தக் கணக்கை ஒரே பகுதிக்குள் ஒப்பிடலாம். அதுவும் விழாக்கள், தள்ளுபடிக் காலங்களால் எளிதில் குழம்பிவிடும்.

இனி அவர்கள் ‘கையால் வரைந்து’ தந்த படத்துக்கு வருகிறேன். பென்சில் வரைவு எதையும் காட்டாமல் நேராக முடிந்த படமாகவே அனுப்பினார்கள். சுருள்வாளின் பிடியிலிருந்து இரண்டு தகடுகள் புறப்பட்டு, நாயகியின் இடுப்புக்குப் பின்னால் போய், மறுபக்கத்தில் மூன்றாக வெளிவந்தன. அதில் ஒன்று இடுப்புக் கச்சையோடு கலந்து அப்படியே துணியாகிவிட்டது. பிக்சல் பாணி என்றார்கள். பெரிதாக்கிப் பார்த்தபோது முகத்தில் ஓர் அளவுப் புள்ளி, கூந்தலில் வேறோர் அளவு, சில இடங்களில் சதுரமே இல்லாமல் கரைந்துபோன விளிம்பு. நான்கு மடங்கு பெரிதாக்கிய உண்மையான பிக்சல் ஆர்ட்டை ‘நியரஸ்ட் நெய்பர்’ முறையில் (நிறங்களைக் கலக்காமல் அருகிலுள்ள புள்ளியை அப்படியே எடுக்கும் முறை) கால் பங்காகச் சுருக்கி, மீண்டும் நான்கு மடங்காக்கினால், ஒரு புள்ளிகூட மாறாமல் அதே படம் கிடைக்க வேண்டும். இந்தப் படம் எந்த மடங்கில் முயன்றாலும் சிதைந்தது. ஏஸ்பிரைட் என்ற பிக்சல் ஓவிய மென்பொருளில் நாயகியின் உருவத்தை மட்டும் வெட்டி வைத்து நிறங்களை எண்ணினால் ஆயிரக்கணக்கில் இருந்தன. எங்கள் கேம் முழுவதற்கும் 32 நிறங்கள்தான்.

ஸ்டீமின் விதிகளையும் அவர்கள் படித்ததாகத் தெரியவில்லை. 2022 செப்டம்பர் 1 முதல் கேப்ஸ்யூல் படங்களில் கேமின் ஓவியம், பெயர், அதிகாரப்பூர்வத் துணைத் தலைப்பு ஆகியவை தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. மதிப்புரை மதிப்பெண், விருதுச் சின்னம், தள்ளுபடி வாசகம் எதற்கும் இடமில்லை. எங்களுக்குத் தந்த படத்தின் மூலையில் ஐந்து நட்சத்திரங்களும் ஒரு விருது மாலையும் இருந்தன, இன்னும் வெளியாகவே செய்யாத ஒரு கேமுக்கு! வாங்கியவரின் கேம் தொகுப்பில் மேலே அகலமாக வரும், எழுத்தே இருக்கக் கூடாத லைப்ரரி ஹீரோ படத்தில் கேமின் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். சிறிய கேப்ஸ்யூலுக்கு நாம் தரும் 462 x 174 படத்திலிருந்து ஸ்டீம் தானாகவே 184 x 69, 120 x 45 அளவுகளில் சிறு படிகளை எடுத்துக்கொள்கிறது. அங்கே பெயர் படிக்கக் கிடைக்க வேண்டும் என்றால், சிறிய கேப்ஸ்யூலில் ஓவியத்தை ஒதுக்கிவிட்டுத் தலைப்பையே ஏறத்தாழ முழு அகலத்துக்கு விட வேண்டும். அவர்களோ பெரிய படத்தையே அப்படியே சுருக்கிக் கொடுத்திருந்தார்கள். 120 x 45இல் எங்கள் கேமின் பெயர் ஒரு மஞ்சள் கோடாகத் தெரிந்தது.

படம் அசிங்கமாக இருப்பதை விடப் பெரிய ஆபத்து வேறொன்று. இப்போதைய விதிப்படி, கேமிலும் அதன் கடைப் பக்கத்திலும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய உள்ளடக்கம் இருந்தால் அதை வெளியிடுபவர் ஸ்டீமின் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவல் வாங்குபவர்களுக்கும் பக்கத்தில் காட்டப்படும். கையால் வரைந்தது என்று ஒருவர் சொன்ன பொய்யை நம்பி, ‘இல்லை’ என்று நாம் படிவத்தை நிரப்பினால், அந்தப் பொய்க்குக் கீழே இருப்பது நம் கையெழுத்து. வரைந்த பகுதிகள் தனித்தனி அடுக்குகளாக இருக்கும் பி.எஸ்.டி. (ஃபோட்டோஷாப்) கோப்பைக் கேட்டதற்கு முதலில் தனிக் கட்டணம் என்றார்கள். அதையும் தருகிறோம் என்றபோது பதில் நின்றுபோனது. உருவாக்கும்போதே அடுக்குகள் இல்லாத ஒன்றை எங்கிருந்து அனுப்புவார்கள்?

அவர்கள் அனுப்பிய ‘ஒப்பந்தம்’ ஒரு பக்க ரசீது மட்டுமே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். உலகம் முழுவதும், ஆண்டுக்கணக்கில் விற்கப் போகும் ஒரு கேமின் அட்டைக்கு அந்த ரசீது எதற்கும் உதவாது. இப்போது வேறொரு ஓவியரோடு செய்திருக்கும் ஒப்பந்தத்தில் காலம், எல்லை இரண்டையும் எழுதியிருக்கிறோம். வரைவு, நிறத் திட்டம், முடிந்த படம் என்ற மூன்று கட்டங்களுக்கும் பணத்தைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அடுக்குக் கோப்பு தர வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறோம். அந்த ஓவியர் வேலையை ஏற்பதற்கு முன் முதலில் கேட்டதே டெமோவைத்தான்.

பணம் போனதைத் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930இல் பதிந்திருக்கிறோம். பணம் பெற்றவரின் கணக்கில் இருக்கும்போதே தகவல் போனால் அதை முடக்க வாய்ப்பு உண்டு என்பதால், சந்தேகம் உறுதியானவுடன் அழைப்பது நல்லது. அவர்களோடு மடலில் வாதாடிக்கொண்டிருந்த நேரம் எங்களுக்கு எதிராகவே வேலை செய்தது. இதுவரை முன்பணத்தில் சிறு பகுதிதான் திரும்பியிருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம், நாங்கள் நிராகரித்த அந்தப் படத்தை அவர்கள் தங்கள் மாதிரிப் பட்டியலில் வைத்து, ‘மகிழ்ச்சியான வாடிக்கையாளர்’ என்ற குறிப்போடு மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிய வந்ததுதான். சிவப்புப் பின்னணியில், இடுப்புக்குப் பின்னால் மூன்றாகப் பிரியும் வாளோடு நிற்கும் ஒரு பெண்ணின் படம் உங்களுக்கு வந்தால், அந்த வாடிக்கையாளர்கள் நாங்கள்தான். அந்தப் படத்தை நாங்கள் எங்கும் பயன்படுத்தவில்லை. அந்த மடலை அழிக்காமல், மடல் எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்று காட்டும் முழு ஹெடர் விவரங்களோடு எங்களுக்கு அனுப்பி வைத்தால் புகாரோடு இணைத்துக்கொள்கிறோம்.