பழைய ஆர்எக்ஸ்-8 வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: ரோட்டாருக்கு ஒரே எண் போட்ட கம்ப்ரஷன் ரிப்போர்ட்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் வாங்கி ஏமாந்தவர்கள் கையில் இருக்கும் கம்ப்ரஷன் ரிப்போர்ட், அதாவது இன்ஜின் அறைகளின் அழுத்தத்தை அளந்து எழுதிய காகிதம், பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "முன் ரோட்டார் 7.8, பின் ரோட்டார் 7.6, இன்ஜின் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதி, கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பின் கையெழுத்து. வண்டி வீட்டுக்கு வந்து சில வாரம் நன்றாக ஓடும். பிறகு ஒருநாள் பெட்ரோல் போட நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. விற்றவரைக் கேட்டால் காகிதத்தைக் காட்டுவார். அதில் உள்ள எண்கள்கூடப் பொய்யாக இருக்காது. அளந்த விதத்தில்தான் மோசடி.

இந்த வண்டியில் பிஸ்டன் கிடையாது. ரெனிசிஸ் எனப்படும் 1308 சிசி இன்ஜினுக்குள் இரண்டு முக்கோண ரோட்டார்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று முகங்கள், ஆக மொத்தம் ஆறு அறைகள். அழுத்தம் கசியாமல் அடைத்து வைக்கும் சீல்கள், அதாவது முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீலும் பக்கவாட்டு சீல்களும், தேயத் தேய அந்தந்த அறையில் அழுத்தம் குறையும். பிஸ்டன் இன்ஜினுக்கான சாதாரண கம்ப்ரஷன் கேஜை இதில் மாட்டினால், அதன் வால்வு மூன்று அறைகளில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். உதாரணத்துக்கு ஒரு ரோட்டாரில் 7.8, 6.1, 7.2 என்று இருந்தால் கேஜில் தெரிவது 7.8 மட்டுமே. செத்துக்கொண்டிருக்கும் அந்த 6.1 வெளியே வரவே வராது.

மாஸ்டாவின் அளவுகோல் இதுதான்: 250 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 250 சுற்று) இயல்பு 8.5 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு), குறைந்தபட்சம் 6.9. ஒரே ரோட்டாரின் மூன்று அறைகளுக்குள் வித்தியாசம் 1.5-க்கு மேல் போகக் கூடாது. இரண்டு ரோட்டார்களுக்கு இடையே 1.0-க்கு மேல் போகக் கூடாது. மேலே சொன்ன உதாரணம் இரண்டு வகையிலும் தேறாது: 6.1 குறைந்தபட்சத்துக்குக் கீழே, வித்தியாசமோ 1.7. ஆனால் காகிதத்தில் அது "நல்ல நிலை".

ஆகவே ரோட்டரி இன்ஜினுக்கென்றே உள்ள டெஸ்டரில் எடுத்த ரிப்போர்ட்டைத்தான் கேளுங்கள். அதில் ஆறு எண்களும், அளக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றிய ஆர்பிஎம்மும் இருக்கும். அந்த ஆர்பிஎம் முக்கியம். வேகமாகச் சுற்றினால் அழுத்தம் தானாகவே கூடிக் காட்டும். 250-க்குத் திருத்திய மதிப்பைத்தான் பார்க்க வேண்டும். ஆர்பிஎம் எழுதாத ரிப்போர்ட்டால் பயனில்லை. இன்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடி 5 முதல் 10 விநாடி சுற்ற வேண்டும். டெஸ்டர் கிடைக்கவே இல்லையென்றால், சாதாரண கேஜின் வால்வைக் கழற்றிவிட்டு ஊசி துள்ளுவதை மொபைலில் ஸ்லோமோஷனில் எடுக்கலாம். மூன்று துள்ளலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்பது மட்டும் தெரியும், எண் கிடைக்காது. மோசமான வண்டியை ஒதுக்க அது போதும், நல்ல வண்டி என்று முடிவுகட்டப் போதாது.

இன்னொரு தந்திரமும் உண்டு. சோதனைக்குச் சற்று முன் ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் சீல் இடுக்குகள் அடைபட்டு எண்கள் ஏறும். சோதனை முடிந்து ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை நெடுநேரம் வந்தால் சந்தேகப்படுங்கள். சோதனை நடக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்ப்பதுதான் ஒரே பாதுகாப்பு.

வண்டி பார்க்கப் போனால், "காலையிலேயே ஸ்டார்ட் பண்ணி வைக்கட்டுமா" என்று விற்பவர் கேட்கிறாரா என்பதைவிட, நீங்கள் இருக்கும்வரை அவர் இன்ஜினை அணைக்காமலே வைத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். பலவீனமான ரோட்டரி இன்ஜின் குளிர்ந்த நிலையில் சாதாரணமாகவே ஸ்டார்ட் ஆகிவிடும், திணறுவது சூட்டில்தான். இருபது நிமிடம் நன்றாக ஓட்டுங்கள், அணையுங்கள், பத்து நிமிடம் காத்திருங்கள், பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும்: ஆரம்ப கால வண்டிகளில் இருந்த ஸ்டார்ட்டர் மெதுவானது. பின்னால் வந்த வேகமான ஸ்டார்ட்டரை மாட்டினால் தேய்ந்த இன்ஜின்கூடச் சில மாதம் சூட்டில் ஸ்டார்ட் ஆகும். புது ஸ்டார்ட்டர் என்று பெருமையாகச் சொன்னால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

"இன்ஜின் ரீபில்ட் செய்தது" என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். ஏபெக்ஸ் சீலும் ஸ்பிரிங்கும் மட்டும் மாற்றி மூடிவிட்டு ரீபில்ட் என்கிறார்கள். ரோட்டார் ஹவுசிங்கின் (ரோட்டார் சுற்றும் கூட்டின்) குரோம் பூச்சு உரிந்திருந்தால், அதன் பக்கத் தகடான சைடு பிளேட் தேய்ந்து படி விழுந்திருந்தால் புது சீலும் சீக்கிரமே போய்விடும். சைடு சீல், கார்னர் சீல், எண்ணெய் ரிங், கூலன்ட் சீல் எல்லாம் பில்லில் இருக்கிறதா, ஹவுசிங் புதிதா பழையதா, அளவெடுத்த தாள் உண்டா என்று கேளுங்கள். பில் இல்லாத ரீபில்டை ரீபில்டாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பராமரிப்புச் செலவில் வாங்குபவர்களை வீழ்த்துவது ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில். நான்கு காயில், நான்கு பிளக். சுமார் 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை காயில், பிளக், ஒயர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அது சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். அடைத்த கன்வெர்ட்டர் இன்ஜினின் சூட்டைக் கூட்டி சீல்களைக் கெடுக்கும். காயிலில் மிச்சம் பிடித்தவர் கடைசியில் இன்ஜினையே இழக்கிறார். பிளக் மாற்றும்போது கீழ்த்துளையில் லீடிங் (முதலில் பற்றவைப்பது), மேல்துளையில் ட்ரெய்லிங் (அடுத்துப் பற்றவைப்பது). இரண்டும் வேறு வேறு பிளக், மாற்றிப் போட்டுவிடக் கூடாது. தெரியாத மெக்கானிக் நான்கையும் ஒரே மாதிரி வாங்கிப் போட்டிருப்பது உண்டு, கழற்றிப் பாருங்கள்.

எண்ணெய் குறைவது இந்த வண்டியில் பழுது கிடையாது. சீல்களுக்கு மசகு கொடுக்க ஒரு சிறிய பம்ப் எண்ணெயை அறைக்குள் செலுத்துகிறது. இரண்டு முறை டேங்க் நிரப்பினால் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்க்க வேண்டும். "ஒரு சொட்டு எண்ணெய் குடிக்காது" என்று விற்பவர் சொன்னால் அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். பம்போ குழாயோ வேலை செய்யாமல் இருக்கலாம்.

டேஷ்போர்டில் உள்ள வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது; அது ஏறத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவி மாட்டி உண்மையான கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். கிளட்ச் மிதிக்கும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் பெடல் பிராக்கெட்டின் வெல்டிங் விரிசலைத் தேடுங்கள்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து நாலடி நகர்த்திவிட்டு அணைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெட்ரோல் தேங்கி, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அப்படி ஆகிவிட்டால் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு சுற்றினால் பெட்ரோல் வரத்து நின்று தேங்கியது வெளியேறும்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் இன்ஜினைப் பிரிக்க யாரையும் விடாதீர்கள். பிரித்த பிறகு விற்றவரிடம் பேச ஆதாரம் இருக்காது. முதல் வாரத்திலேயே ரோட்டரி டெஸ்டரில் ஆறு எண்களையும் ஆர்பிஎம்மோடு எடுத்து, தேதியும் ஓடிய கிலோமீட்டரும் எழுதி வாங்கி, விற்றவர் கொடுத்த பழைய காகிதத்தோடு சேர்த்து வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.