படரும் தைம்: விதையா, நாற்றா, பதியமா?

படரும் தைம் என்பது தரையோடு பரவி ஊதாப் பூ விடும் மூலிகைச் செடி. அதன் விதைப் பொட்டலத்தின் மேல் இருக்கும் ஊதாக் கம்பளப் படத்தை நம்பி, கொத்திய தரையில் அப்படியே தூவிவிடாதீர்கள். தைம் விதை தூசு மாதிரி இருக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மண்ணைப் போட்டு மூடவும் கூடாது. 15 முதல் 21 டிகிரி செல்சியஸில் முளைவிட இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் களை இரண்டு விரல் உயரம் எழுந்து நிற்கும். தைம் முளையோ குண்டூசித் தலை அளவுதான். களையைப் பிடுங்கினால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். நேரடி விதைப்பு பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான்.

விதைதான் வேண்டுமென்றால் குழித்தட்டில் போடுங்கள். தென்னைநார்க் கழிவும் பெர்லைட்டும் (பொரித்த எரிமலைப் பாறைக் குருணை) சரிபாதி, குழிக்கு நாலைந்து விதை, விரலால் லேசாக ஓர் அழுத்து. தண்ணீரைத் தட்டின் அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேலே ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கும். ஈரம் தேங்கினால் தண்டின் அடி கறுத்து நாற்று சாயும். பூவை அடுத்த ஆண்டுதான் எதிர்பார்க்கலாம். 'எல்ஃபின்', 'காக்சினியஸ்' போன்ற பெயருள்ள ரகங்கள் விதையில் தாயைப் போல வராது. அவற்றுக்கு நாற்றோ பதியமோதான்.

நாற்றில் செலவு கூடும், வேலை குறையும். 20 செ.மீ. இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 25 செடி, 30 செ.மீ. விட்டால் 11 போதும். ஆனால் மிச்சம் பிடித்த இடைவெளியில் களை குடியேறும். மெதுவாகப் படரும் எல்ஃபினுக்கு 15 செ.மீ.க்கு மேல் விடாதீர்கள்.

அவசரம் இல்லாதவர்களுக்கு எங்கள் தேர்வு பதியம்தான். நாலு நாற்று வாங்கி நடுங்கள். படர்ந்த தண்டின் கணு தரையைத் தொடும் இடத்தில் மண்ணைக் கீறி, வளைத்த கம்பியால் குத்தி நிறுத்துங்கள். கணுவின் மேல் ஒரு பிடி மணல் கலந்த மண். நுனி வெளியே இருக்கட்டும். ஆறு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வர மறுத்தால் வேர் விட்டாயிற்று. வெட்டிப் பெயர்த்து நடலாம். வெட்டுத் தண்டிலும் செய்யலாம்: பூவில்லாத 5–8 செ.மீ. நுனி, கீழ் இலைகளை உருவிவிட்டு, நிழலில் ஊன்றுங்கள். இதில் அழுகல் சற்று அதிகம்.

எந்த வழியில் வளர்த்தாலும் ஆறு மணி நேர வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் இல்லாவிட்டால் செடி நிற்காது. களிமண்ணில் கூர்மணலும் (சொரசொரப்பான பெருமணல்) பொடி ஜல்லியும் கலந்து மேடாக்கி நடுங்கள். இலையில் மயிர் அடர்ந்த கம்பளித் தைம்தான் ஈரத்தில் முதலில் அழுகும். உரம் அதிகமானால் தண்டு நீண்டு தளர்ந்து, நடுவே பிளந்து கிடக்கும்.

பூ முடிந்ததும் மேலாகக் கத்தரியுங்கள். இலையில்லாத கட்டைத் தண்டுவரை இறங்கினால் மறுபடி துளிர்ப்பது அரிது. மூன்று நான்கு ஆண்டில் நடுப்பகுதி வழுக்கை விழும். அங்கே மணல் கலந்த மண்ணை நிரப்பி, ஓரத் தண்டுகளை உள்பக்கம் வளைத்துப் பதியம் போட்டுவிடலாம்.